முன்பக்க சஸ்பென்ஷன் போல்ட், நட்: கேளுங்கள், சொல்கிறேன்

லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் கை), ஷாக் அப்சார்பர் வேலையை வீட்டிலேயே செய்து பார்க்கிறவர்கள் கடைசியில் வந்து மாட்டிக்கொள்வது போல்ட்டிலும் நட்டிலும்தான். ஆல்டோ, ஸ்விஃப்ட், ஐ10, போலோ மாதிரி மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு) வைத்த கார்களை மனதில் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

ஆல்டோக்காரன்: அண்ணா, ஷாக் அப்சார்பர் மாற்றப் போகிறேன். பழைய போல்ட், நட் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதையே போடலாமா?

நட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் தம்பி, புதுசு வாங்கிவிடுங்கள். உள்ளே நைலான் வளையம் வைத்த லாக் நட்டில், ஒருமுறை மரை ஏறி இறங்கியதுமே பிடி குறைந்துவிடும். கையாலேயே கடைசிவரை சுற்ற முடிகிற லாக் நட் செத்துப்போன நட். போல்ட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, அதே மரையுள்ள சாதாரண நட் ஒன்றை விரலால் ஓட்டிப் பாருங்கள். தடங்கல் இல்லாமல் ஓடினால் சரி. ஓரிடத்தில் இறுகி நின்றால் போல்ட் அங்கே இழுபட்டு நீண்டிருக்கிறது என்று அர்த்தம். துரு தின்ற குழி இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

ஒன்று கவனிக்கணும். மேனுவலில் இறுக்கும் அளவை "இத்தனை நியூட்டன் மீட்டர், அப்புறம் இன்னும் 90 டிகிரி" என்று போட்டிருந்தால், போலோ மாதிரி ஜெர்மன் வண்டிகளில் இது அதிகம், அந்த போல்ட்டைக் கழற்றினாலே புதுசு போடச் சொல்லியிருப்பார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கிறது என்பதெல்லாம் அங்கே கணக்கில் வராது.

உப்புக்காற்று: தூத்துக்குடியில் இருக்கிறேன் சார். எதைப் போட்டாலும் துரு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போட்டுவிடலாமா?

வேண்டாம் சார். போல்ட் தலையில் 10.9 என்று இருக்கிறதே, அதில் முதல் எண் 10 என்றால் 1000 மெகாபாஸ்கல் இழுவிசையில்தான் அறும், புள்ளிக்குப் பிறகு உள்ள 9 என்றால் அதில் 90 சதவீதம், அதாவது 900 வரை இழுத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும். ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 450-லேயே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். பாதி. அதோடு ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் நட்டும் இறுக்கும்போதே ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்கணும்.

சஸ்பென்ஷனில் போல்ட்டின் தண்டு சுமையைத் தாங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். இரண்டு பாகங்களை அது நெருக்கிப் பிடிக்கிற பிடியில்தான் சுமை நிற்கிறது. நீளுகிற போல்ட்டில் பிடி போய்விடும், பாகம் அசையும், அசைந்தால் போல்ட் அறுபடும். கம்பெனி போல்ட்டையே போட்டு, இறுக்கி முடித்த பிறகு வெளியே தெரிகிற மரையிலும் நட்டிலும் மெழுகு ஸ்பிரே அடித்துவிடுங்கள். மழைக்காலத்துக்கு முன்னால் இன்னொரு தடவை.

மறவன்மடம் மணி: லோயர் ஆர்ம் மாற்றி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, புஷ் கிழிந்துவிட்டது. டூப்ளிகேட் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா அண்ணா?

இருக்கலாம். ஆனால் நான் முதலில் கேட்பது, போல்ட்டை இறுக்கியபோது சக்கரம் தொங்கிக்கொண்டிருந்ததா? புஷ்ஷுக்கு நடுவில் ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு வளையம், இடையில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட் இறுகியதும் நடுக்குழாய் வண்டியோடு பூட்டப்பட்டுவிடும், அதற்குப் பிறகு ஆர்ம் ஏறி இறங்குவது எல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டுதான். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஆர்ம் கீழே தொங்கும் நிலையில் இறுக்கினால், தரையில் இறக்கிய நொடியே ரப்பர் முறுக்கேறி நிற்கிறது. வண்டி சும்மா நிற்கும்போதும் முறுக்குதான். அதற்கு மேல் பள்ளம் மேடு. கிழியாமல் என்ன செய்யும்?

அதனால் ஆர்ம் போல்ட்டை முதலில் நட் உட்காரும் அளவுக்கு மட்டும் வையுங்கள். சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் தள்ளி, பானெட் பக்கம் நாலு தடவை அமுக்கிவிட்டு அப்புறம் இறுக்குங்கள். கீழே ஸ்பேனர் போகாது என்றால் அடியில் நின்று வேலை செய்யும் பள்ளம் (பிட்) உள்ள பட்டறைக்குப் போய்விடுங்கள், அல்லது ஆர்மில் பால் ஜாயின்ட் (ஆர்மும் சக்கரப் பக்கமும் சேரும் உருண்டை மூட்டு) பக்கத்தில் இன்னொரு ஜாக்கி வைத்து, அந்தப் பக்கத்து எடை அதில் ஏறும்வரை தூக்கி இறுக்குங்கள். வண்டியைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டை எடுத்துவிட வேண்டாம். ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, அது சொல்லாமல் நொறுங்கும்.

பால் ஜாயின்ட், ஸ்ட்ரட்டும் நக்கிளும் (சக்கரம் மாட்டியிருக்கும் பாகம்) சேருகிற இரண்டு போல்ட், இவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. தொங்கும் நிலையிலேயே இறுக்கலாம்.

சனிக்கிழமை மெக்கானிக்: ஆர்ம் போல்ட்டில் நட் கழன்றுவிட்டது. போல்ட் சுற்றுகிறது, ஆனால் வெளியே வரமாட்டேன் என்கிறது!

போல்ட்டும் புஷ்ஷின் நடுக்குழாயும் துருப்பிடித்து ஒன்றாகிவிட்டன. நீங்கள் சுற்றும்போது குழாயும் சேர்ந்து சுற்றுகிறது. துரு இளக்கும் எண்ணெயை இரண்டு பக்கமும் அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். பழைய நட்டை மரை நுனியோடு சமமாக ஏற்றிவிட்டு அதன்மேல் சுத்தியலால் அடியுங்கள், வெறும் மரையில் அடித்தால் நுனி விரிந்து நட்டே திரும்ப ஏறாது. கேஸ் வைத்துச் சூடாக்குவது கடைசி வழி. ரப்பர் பற்றிக்கொள்ளும், பக்கத்திலேயே பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் போகும். ஆர்மை எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்றால், புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் பிளேடை விட்டு இரண்டு பக்கமும் அறுத்து எடுத்துவிடுவது நிம்மதி.

சில வண்டிகளில் நட் தனியாக இருக்காது, சப்ஃபிரேமுக்கு (ஆர்ம் மாட்டும் அடிச்சட்டம்) உள்ளே வெல்டு செய்திருக்கும். அது உள்ளே பிய்ந்து சுற்ற ஆரம்பித்தால் அதோடு நிறுத்திவிட்டுப் பட்டறையைக் கூப்பிடுங்கள்.

ராணிப்பேட்டை ரிட்ஸ்: பால் ஜாயின்ட் நட்டைச் சுற்றினால் தண்டும் சேர்ந்தே சுற்றுகிறது அண்ணா.

கூம்பாக உட்காரும் ரகம் என்றால், அந்தக் கூம்பு அழுந்தி உட்காரும்படி ஜாக்கியால் நெருக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றுங்கள், நிற்கும். குறுக்கு போல்ட் போட்டுக் கவ்விப் பிடிக்கும் ரகம் என்றால் அந்த போல்ட்டை முழுதாக வெளியே எடுங்கள். தண்டில் இருக்கும் பள்ளத்துக்குள்தான் அது படுத்திருக்கும், பாதி உள்ளே இருந்தால் எத்தனை அடித்தாலும் தண்டு இறங்காது. காட்டர் பின் (நட் கழலாமல் ஓட்டையில் குறுக்கே செருகும் கம்பி) போடும் நட் என்றால் ஓட்டை நேராக வர இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள், தளர்த்தி நேராக்காதீர்கள்.

கவிதா, திருச்சி: எத்தனை நியூட்டன் மீட்டர் வைக்கணும் அண்ணா? மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவலாமா?

உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ள எண் மட்டும்தான்மா, வேறு யார் சொன்னாலும், நான் சொன்னாலும் வேண்டாம். சில மேனுவலில் கிலோகிராம் மீட்டரில் இருக்கும், அதை 9.8-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். கிரீஸ் தடவச் சொல்லியிருந்தால் ஒழிய தடவாதீர்கள். நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய 90 சதவீதம் உராய்விலேயே போய்விடுகிறது, மீதிதான் போல்ட்டை இழுக்கிறது. கிரீஸ் உராய்வைக் குறைத்துவிட்டால் டார்க் ரென்ச் (முறுக்கை அளக்கும் ஸ்பேனர்) அதே எண்ணில் கிளிக் என்று சொல்லும், போல்ட் மட்டும் அளவுக்கு மீறி இழுபட்டிருக்கும். இம்பாக்ட் கன் கழற்றுவதற்கு. கடைசி இறுக்கம் கையால்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். பானெட்டைத் திறந்தால் ஸ்ட்ரட் மேலே நடுவில் ஒரு பெரிய நட் இருக்கும். ஸ்பிரிங்கைக் கம்பிரஸர் போட்டு அமுக்காமல் அதைத் தொடவே கூடாது.

ஆல்டோக்காரன்: மறுபடியும் நான்தான். அலைன்மென்ட் கட்டாயமா?

ஸ்ட்ரட், நக்கிள் போல்ட்டைக் கழற்றினால் கட்டாயம். அந்த ஓட்டைகளில் இருக்கும் சின்ன இடைவெளியே கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வை, மாற்றப் போதும். கழற்றும் முன் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் பட்டறை வரைக்கும் நேராக ஓட்டிப் போகலாம். எல்லாம் இறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து பிராக்கெட் வரை இன்னொரு கோடு. 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு குனிந்து பாருங்கள், கோடு விலகாமல் இருந்தால் ஸ்பேனரைத் தொடவே வேண்டாம்.