நண்பன் கூட்டிப் போகிறான், பில்லை யார் பார்ப்பது?

கேள்வி: மிலானில் முதுகலை படிக்கிறேன். உடன் படிக்கும் நண்பன் ஜெனோவாக்காரன். வரும் சனி, ஞாயிறு கடற்கரைக்குப் போகலாம், கமோலியையும் செஸ்த்ரி லெவந்தேயையும் சுற்றிக்காட்டுகிறேன் என்கிறான். “பெரிசா ஒண்ணும் செலவாகாது” என்று வேறு சொல்கிறான். இரண்டு நாளும் நிம்மதியாகப் போக வேண்டும், மாதக் கடைசியில் கையைப் பிசையவும் கூடாது. எதிலெல்லாம் உஷாராக இருக்க வேண்டும்?

பதில்: முதலில் அந்த “பெரிசா ஒண்ணும் செலவாகாது” என்பதைப் பிரித்துப் பாருங்கள். அவன் தன் வீட்டில் தூங்குவான், அவனுக்குத் தெரிந்த இடத்தில் குளிப்பான், அடுமனையில் ஃபொகாச்சா என்னும் தட்டை ரொட்டி வாங்கித் தின்பான். அவன் கணக்கில் செலவு குறைவுதான். நீங்களும் அதே மாதிரி இருந்தால் உங்களுக்கும் குறைவு. “நீ விருந்தாளி, ஒரு நல்ல இடத்துக்குப் போகலாம்” என்று அவன் மனசு இளகும் இடத்தில்தான் பட்ஜெட் எகிறும். அதனால் ரயில் ஏறும் முன்பே, எது ஆளுக்குப் பாதி, எது யார் செலவு என்று பேசிவிடுங்கள். இத்தாலிய மாணவர்கள் ஆளுக்கு ஆள் கணக்குப் போட்டுக் கொடுப்பதைச் சகஜமாகவே எடுத்துக்கொள்வார்கள். கூச்சம் நம் பக்கம்தான் அதிகம்.

காரா, ரயிலா? ரயில். யோசிக்கவே வேண்டாம். மிலானிலிருந்து ஜெனோவா ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், அங்கிருந்து இரண்டு ஊர்களுக்கும் உள்ளூர் ரயில். கமோலியில் ஸ்டேஷனிலிருந்து நடந்தே கடலுக்குப் போய்விடலாம். டிக்கெட்டில் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். இன்டர்சிட்டியில் முன்கூட்டி வாங்கினால் மலிவு, ஆனால் அந்த மலிவு டிக்கெட்டுகளுக்குப் பெரும்பாலும் பணம் திரும்பாது. ரெஜொனாலே என்னும் உள்ளூர் ரயிலுக்கு முன்பதிவால் ஒரு லாபமும் இல்லை, கிளம்பும்போது வாங்கினாலும் அதே விலை. காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் பிளாட்ஃபார மெஷினில் முத்திரை குத்த வேண்டும். மொபைல் டிக்கெட் என்றால் செக்-இன் செய்ய வேண்டும். மறந்தால், காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவருக்கும் அபராதம்தான். பரிசோதகரிடம் “எனக்குத் தெரியாது” என்பது எடுபடுவதில்லை. “ஷோப்பெரோ” அறிவிப்பு, அதாவது வேலைநிறுத்தம், இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலையே கிளம்புவதானால், வேலைநிறுத்தம் என்றாலும் வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உறுதியளித்த உள்ளூர் ரயில்கள் ஓடும்.

அவன் அப்பா காரைத் தருகிறார் என்றால் சுங்கம், பெட்ரோல், பார்க்கிங் மூன்றையும் பாதியாகப் பிரியுங்கள். நீலக் கோட்டுக்குள் நிறுத்தினால் காசு, வெள்ளைக் கோடு இலவசம் (சில இடங்களில் நேரக் கட்டுப்பாடு உண்டு), மஞ்சள் கோடு நமக்கில்லை. ‘ஸோனா த்ராஃபிகோ லிமிதாத்தோ’ (அனுமதி உள்ள வண்டிகளுக்கு மட்டுமான பகுதி) பலகை தெரிந்தால் உள்ளே போகவே கூடாது. கேமரா நம்பரைப் படம் பிடிக்கும், நோட்டீஸ் மாதங்கள் கழித்து வண்டி உரிமையாளர் வீட்டுக்குப் போகும். வாடகைக் கார் என்றால், உங்கள் விவரத்தைப் போலீசுக்குக் கொடுத்ததற்கென்று கம்பெனி தனிக் கட்டணமும் போடும்.

இனி கடற்கரை. இங்கேதான் நம்மவர்கள் அதிர்ச்சி அடைகிறார்கள்: மணலில் உட்காரக் காசா! ஜெனோவா இருக்கும் லிகூரியா மாநிலத்தில் ‘பாஞ்ஞி’ என்று பெயர்ப்பலகை போட்ட இடமெல்லாம் குத்தகைக் கடற்கரை. குடையும் சாய்வுக் கட்டிலும் நாள் வாடகைக்குக் கிடைக்கும். சேவையைப் பொறுத்து விலை ஏறும், கடலுக்கு நேரான முதல் வரிசைக்கு இன்னும் அதிகம். ஆகஸ்டில் அதற்கு மேல். மதியத்துக்குப் பிறகு அரை நாள் வாடகை வாங்கும் இடங்களும் உண்டு. குளியலறைக்கும் வெந்நீருக்கும் தனிக் காசா என்று முதலிலேயே கேளுங்கள். ‘ஸ்பியாஜ்ஜா லீபெரா’ என்னும் பொதுக் கடற்கரை இலவசம், துண்டை விரித்துப் படுக்கலாம். அலை வந்து தொடும் அந்த ஓரத்தை யாரும் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. குத்தகைக்காரர்கள் கடலுக்கு வழிவிட வேண்டும், அதற்குக் காசு கேட்கக்கூடாது என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதற்காக அவர்களின் குடைக்கு முன்னால் துண்டை விரித்துக்கொண்டு வாதாடாதீர்கள், சட்டம் தருவது போய்வரவும் குளிக்கவும்தான். கமோலிக் கரை கூழாங்கல், ரப்பர் செருப்பு இல்லாமல் போகாதீர்கள். செஸ்த்ரியில் மணல் உண்டு. ஆனால் அழகான பாயா தெல் சிலென்ஸியோ சின்ன விரிகுடா, ஜூலையில் காலை பத்து மணிக்கு மேல் இடம் தேட வேண்டிவரும்.

சாப்பாட்டில் பெரிய ஓட்டை மீன்தான். முழு மீனுக்கு மெனுவில் போட்டிருக்கும் விலை பல இடங்களில் ‘எத்தோ’வுக்கு, அதாவது நூறு கிராமுக்கு. எண்ணைப் பார்த்து ‘பரவாயில்லையே’ என்று சொல்லிவிட்டு, ஒரு கிலோ மீனைக் கொண்டுவரச் சொன்னால் அது பத்து மடங்கு. சமைக்கும் முன் தட்டில் வைத்துக் காட்டுவார்கள், அப்போதே எடையைக் கேளுங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது உறைய வைத்தது என்று பொருள். ‘கொப்பெர்த்தோ’ என்னும் மேசைக் கட்டணம் ஆளுக்கு ஒரு சிறு தொகை, மெனுவில் போட்டிருந்தால் கொடுக்கத்தான் வேண்டும். டிப்ஸ் கட்டாயமில்லை. காபியை நின்றுகொண்டே குடியுங்கள். மேசையில் உட்கார்ந்தால் விலை ஏறும், கடல் தெரியும் மேசையில் இன்னும் ஏறும்.

நீங்கள் சைவமாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பாலாடைக்கட்டி நடுவில் வைத்த ‘ஃபொகாச்சா தி ரெக்கோ’ கமோலிக்குப் பக்கத்து ஊரின் பண்டம், 2015-இல் புவிசார் பாதுகாப்பு பெற்றது. அடுமனையில் அதையும் எடைக்குத்தான் வெட்டித் தருவார்கள், எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் போதும்.

கமோலியிலிருந்து சான் ஃப்ருத்துவோசோ மடாலயத்துக்குப் படகில் போகச் சொல்வான், போங்கள். கரடுமுரடான மலைப்பாதையும் உண்டு, ஆனால் கார்ப் பாதை கிடையாது. கடல் கொந்தளித்தால் படகு நிற்கும், அதனால் போகவர டிக்கெட் எடுக்கும்போதே கடைசிப் படகு எத்தனை மணிக்கு, படகு ஓடாவிட்டால் காசு திரும்புமா என்று கேளுங்கள்.

கேள்வி: கடற்கரையில் நடந்து விற்பவர்களிடம் பெரிய பிராண்டு கைப்பை மலிவாகக் கிடைக்கிறதாமே, வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இத்தாலியில் போலிச் சரக்கை வாங்கியவருக்கும் அபராதம் உண்டு, அது பையின் விலையைப் பல மடங்கு தாண்டும்.

கேள்வி: பாரிஸில் இருக்கிறேன். லிகூரியக் கரையில் இரண்டு இரவுக்கு ஆன்லைனில் அறை போட்டேன். என்னோடு வருவதாக இருந்த உள்ளூர்த் தோழியால் வர முடியவில்லை. ஐரோப்பாவில் ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் ரத்து செய்யலாம் என்கிறார்களே?

பதில்: செருப்புக்கும் சட்டைக்கும் பொருந்தும், குறிப்பிட்ட தேதிக்குப் போட்ட தங்குமிடத்துக்குப் பொருந்தாது. ஐரோப்பியச் சட்டமே அதை விலக்கிவைத்திருக்கிறது. உங்கள் முன்பதிவில் எழுதியிருக்கும் ரத்து விதிதான் செல்லும். காசு திரும்பாத வகை என்றால் தேதியை மாற்றித் தரமுடியுமா என்று வீட்டுக்காரருக்கு இன்றே எழுதுங்கள், சீசனில் அறைக்கு வேறு ஆள் கிடைப்பார் என்பதால் சிலர் இறங்கி வருவார்கள். அடுத்த முறை போடும்போது விளம்பரத்தில் ‘சின்’ எனப்படும் தேசிய அடையாளக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஜனவரி முதல் குறுகிய கால வாடகை வீடுகளுக்கு அது கட்டாயம். பாஸ்போர்ட்டைக் கேட்டால் பயப்படாதீர்கள், விருந்தினர் விவரத்தைப் போலீசுக்கு அனுப்புவது வீட்டுக்காரரின் கடமை. ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று வாங்கும் ஊர் வரி பல இடங்களில் நீங்கள் ஆன்லைனில் கட்டிய தொகையில் சேராது, சில்லறையாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ரசீதும் கேட்டு வாங்குங்கள்.