கடைசி பில் யாருடையது?

கேள்வி: எங்கள் மளிகைக் கடைக்கு பிஎச்பி (புரோகிராம் எழுதும் மொழி), மைஎஸ்க்யூஎல் (தகவல்களை டேபிள்களில் சேமிக்கும் டேட்டாபேஸ்) வைத்து நானே பில் புரோகிராம் எழுதியிருக்கிறேன். பில் டேபிளில் ஒரு வரியைச் சேர்த்ததும் ‘செலக்ட் மேக்ஸ் ஐடி’, அதாவது இருப்பதில் பெரிய எண் எது என்று கேட்டு, வரும் எண்ணில் சாமான்களைச் சேமிக்கிறேன். சரியாகத்தான் வருகிறது. ஆனால் அது தப்பு என்கிறான் தம்பி. யார் சொல்வது சரி?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: தம்பி சொல்வதுதான். கடையில் ஒரே கம்ப்யூட்டர் இருக்கிறது போலிருக்கிறது, அதனால் தப்பித்தீர்கள்.

நானும் இப்படி எழுதியவன்தான். ஒரு ஜவுளிக்கடை, இரண்டு கல்லா. பல மாதம் ஒரு புகாரும் இல்லை. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை, இரண்டு வேட்டி எடுத்தவர் பில்லோடு திரும்பி வந்து, “பட்டுப்பாவாடை யாருக்குங்க?” என்றார். நடந்தது இதுதான்: முதல் கல்லா சேர்த்த பில் வரிக்கு 4127 என்ற எண் கிடைத்தது. அது மேக்ஸ் கேட்பதற்குள் பக்கத்துக் கல்லா 4128ஆம் வரியைச் சேர்த்துவிட்டது. இரண்டுக்கும் கிடைத்த பதில் 4128. வேட்டியும் பாவாடையும் ஒரே பில்லில். 4127 காலி. அன்று கடை மூடியபின் பில் கட்டையும் டேபிளையும் ஒப்பிட்டு உட்கார்ந்திருந்தேன், முதலாளி ஒரு டீகூட வாங்கித் தரவில்லை.

‘டேபிளில் பெரிய எண் எது’ என்று கேட்காதீர்கள். ‘எனக்குக் கொடுத்த எண் எது’ என்று கேளுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் அதற்கு ‘லாஸ்ட் இன்செர்ட் ஐடி’ இருக்கிறது. ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் அதனதன் எண்ணைத் தனியாக நினைவில் வைத்திருக்கும். பக்கத்துக் கல்லாவின் கனெக்ஷன் வேறு, அது குறுக்கே வராது. பிஎச்பியிலிருந்து டேட்டாபேஸோடு பேச இரண்டு வழி உண்டு: மைஎஸ்க்யூஎல்ஐ என்றால் ‘இன்செர்ட் ஐடி’, பிடிஓ என்றால் ‘லாஸ்ட் இன்செர்ட் ஐடி’.

பில் வரியைச் சேர்த்த கையோடு அதை ஒரு வேரியபிளில் எடுத்து வையுங்கள். நடுவில், நடந்ததைக் குறித்து வைக்கும், தானாக எண் ஏறும் லாக் டேபிளில் ஒரு வரி எழுதினால், அந்த வரியின் எண்தான் வரும். ஒரே இன்செர்ட்டில் பல வரிகளைச் சேர்த்தால் கிடைப்பது முதல் வரியின் எண், கடைசி வரியுடையது அல்ல. பிற்பாடு போஸ்ட்கிரெஸ் என்ற வேறு டேட்டாபேஸுக்குப் போனால் இன்செர்ட்டின் கடைசியில் ‘ரிட்டர்னிங் ஐடி’ சேர்த்தால் போதும், எண் கையோடு வந்துவிடும்.

அப்புறம், அந்த ஐடியையே பில் எண்ணாக அச்சடிக்கிறீர்களா? வேண்டாம். பாதியில் ரோல்பேக் ஆனால், அதாவது சேர்த்தது ரத்தானால், அந்த எண் போனது போனதுதான், திரும்ப வராது. ஜிஎஸ்டி பில்லுக்கோ எண் வரிசையாக இருக்க வேண்டும். பில் எண்ணுக்கு டேபிளில் தனி நெடுவரிசை (column) வையுங்கள்.