ஐம்பது மைக்ரோலிட்டருக்கு எந்தக் குழல்?

இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே, புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல் குழல் பற்றியவை.

கேள்வி: கையில் இருப்பது 50 மைக்ரோலிட்டர், 30 கிலோடால்டன் (மூலக்கூறு எடை 30,000 டால்டன்) புரதம். இரண்டு மூலக்கூறுகள் ஒட்டி இரட்டையாகச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். 24 மி.லி. குழலா, 2.4 மி.லி. குழலா? (ஆய்வு மாணவி)

பதில்: ஜெல்லில் குழப்பமில்லை, சூப்பர்டெக்ஸ் 75 இன்க்ரீஸ். 3,000 முதல் 70,000 டால்டன் வரை பிரிக்கும். இரட்டையும் அதற்குள் வந்துவிடும். குழலின் அளவைச் சொல்லும் முன் குழலை மாட்டும் உங்கள் மெஷினில் என்ன டியூபிங் (திரவம் ஓடும் மெல்லிய குழாய்) என்று தெரிய வேண்டும். விற்க வருகிற ஒருவராவது இதைக் கேட்கிறாரா? அரை மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள டியூபிங் ஒரு மீட்டர் இருந்தால் அதற்குள்ளேயே கிட்டத்தட்ட 200 மைக்ரோலிட்டர் நிற்கும். கால் மில்லிமீட்டர் என்றால் 50தான். சின்னக் குழல் அழகாகப் பிரித்துக் கொடுத்ததை, டிடெக்டருக்குப் போகிற வழியிலேயே அகலமான டியூபிங் மறுபடி கலந்துவிடும். அப்புறம் குழல் சரியில்லை என்று எனக்குக் கடிதம் வரும். டியூபிங்கை மாற்ற முடிந்தால் 2.4 மி.லி. வாங்குங்கள். முடியாதென்றால் 24, புரதம் நீர்த்துத்தான் வரும், ஆனால் இரண்டு பீக்கும் (டிடெக்டர் வரைபடத்தில் எழும் மேடுகள்) தனித்தனியாகத் தெரியும்.

கேள்வி: புரதக் கரைசலில் இருக்கும் இமிடசோலை (சிறு மூலக்கூறு வேதிப்பொருள்) நீக்கினால் போதும். எது வாங்கலாம்?

பதில்: செஃபடெக்ஸ் ஜி-25 டீசால்ட்டிங் (உப்பு நீக்கும்) குழல். அதற்கு மேல் ஒரு ரூபாய் செலவழிக்காதீர்கள்.

கேள்வி: 'சூப்பர்டெக்ஸ் 200 எல்லாத்துக்கும் ஆகும்' என்றார்கள், வாங்கிவிட்டோம். 8, 15 கிலோடால்டன் புரதங்கள் ஒட்டிக்கொண்டே வருகின்றன.

பதில்: வராமல்? அது 10,000 முதல் 6 லட்சம் டால்டனுக்கானது. கூடவே வரும் தாளில் அச்சடித்திருக்கிறார்கள். பெரிய புரதம் செய்கிற பக்கத்து லேபில் 75 இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'பயன்படுத்தாதது' என்று மலிவாக வாங்கிய குழல், ஜெல் காய்ந்து வெடித்து வந்திருக்கிறது. விற்றவர் கூரியரைக் கைகாட்டுகிறார்.

பதில்: உங்கள் மேல் தப்பில்லை. 20% எத்தனாலில், இரு முனையும் அடைத்து வந்திருக்க வேண்டிய பொருள் அது. பெட்டியோடு படமெடுங்கள், சரக்கு சரியாக வந்தது என்று கையெழுத்துப் போடாதீர்கள், பணம் கொடுக்கவில்லையென்றால் நிறுத்தச் சொல்லுங்கள். 'சீல் உடைக்காதது' என்று எனக்கு ஒருவர் விற்றதில் மேல்ஜெல் மஞ்சளாகவே இருந்தது. பழைய குழல் வாங்குவோர், குழல் நன்றாக இருக்கிறதா என்று தெரிய, அசிட்டோன் ஏற்றி எடுத்த பீக்கைக் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: சாம்பிள் குறைவு. வடிகட்டாமல் ஏற்றலாமா?

பதில்: கூடாது. வடிகட்டியில் வீணாகும் என்றால் சென்ட்ரிஃபியூஜில் வேகமாகச் சுற்றி, மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள்.