தலைப்பிரசவம் வீட்டிலா, பிரசவ மையத்திலா?

கேள்வி: எனக்கு முதல் குழந்தை, 30-வது வாரம் நடக்கிறது. இதுவரை எல்லாம் நார்மல். வீட்டிலோ, மருத்துவச்சிகள் நடத்தும் பிரசவ மையத்திலோ பெற்றுக்கொள்ள ஆசை. பாதுகாப்பானதா? டூலா (பிரசவ நேரத் துணையாள்) ஒருவர் உடனிருந்தால் போதுமா?

பதில்: போதாது. டூலா இடுப்பை நீவிவிடுவார், தைரியம் சொல்வார், வலி நேரத்தில் அது பெரிய துணைதான். ஆனால் பிரசவம் பார்ப்பது அவர் வேலை இல்லை. அதற்குப் பயிற்சியும் உரிமமும் பெற்ற மருத்துவச்சி வேண்டும். அதுவும் ஒருவர் அல்ல, இருவர்.

ஏன் இருவர் என்றால், குழந்தை பிறந்த முதல் சில நிமிடங்களை நினைத்துப் பாருங்கள். குழந்தை அழவில்லை. உடனே துடைத்து, முதுகைத் தேய்த்துவிட வேண்டும். அப்படியும் மூச்சு வரவில்லையென்றால் முதல் நிமிடத்துக்குள் பையும் மாஸ்க்கும் வைத்துக் காற்று கொடுக்க வேண்டும். அதே நேரத்தில் தாய்க்கு உதிரம் கொட்டத் தொடங்கலாம். கருப்பை சுருங்கிக் கெட்டியாகாமல் தொளதொளவென்று இருந்தால், வயிற்றின் மேல் கைவைத்து அழுத்தித் தேய்த்து, கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி போட வேண்டும். இரண்டையும் ஒரே ஆளால் செய்ய முடியாது.

சரி, பாதுகாப்பு? இங்கிலாந்தில் சிக்கல் இல்லாத சுமார் 64,000 தாய்மார்களை வைத்து நடந்த ஆய்வு 2011-ல் வெளியானது. பிரசவ மையங்களில் குழந்தைக்கு ஆபத்து மருத்துவமனையைவிடக் கூடுதலாகத் தெரியவில்லை. வீட்டிலும், ஏற்கெனவே குழந்தை பெற்றவர்களுக்கு அப்படித்தான். தலைப்பிரசவம் வீட்டில் என்றால்தான் வித்தியாசம்: குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு மருத்துவமனையில் 1,000-க்கு சுமார் 5, வீட்டில் சுமார் 9. இதுவும் தேர்ந்த மருத்துவச்சிகளும் ஆம்புலன்ஸ் வசதியும் உள்ள இடத்துக் கணக்கு என்பதை மறந்துவிடாதீர்கள்.

வீட்டில் தலைப்பிரசவம் என்று தொடங்கியவர்களில் 100-க்கு சுமார் 45 பேர் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். பெரும்பாலும் பதறும்படியான காரணம் இல்லை; பிரசவம் நகராமல் நிற்பதுதான் முக்கியக் காரணம். ஆனாலும் கடும் வலியோடு வண்டியில் ஏற வேண்டியிருக்கும். அதனால், மருத்துவமனை வளாகத்திலேயோ ஒட்டியோ இருக்கும் பிரசவ மையத்தைத்தான் உங்களுக்குச் சொல்வேன்.

மையத்தில் நேராகக் கேளுங்கள்: குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் பயிற்சியை எப்போது கடைசியாகப் புதுப்பித்தீர்கள்? ஆக்ஸிடோசின், ஆக்ஸிஜன் கையில் இருக்குமா? எந்த மருத்துவமனைக்கு மாற்றுவீர்கள், இரவு இரண்டு மணிக்கு எவ்வளவு நேரம் ஆகும், அங்கே இரவிலும் சிசேரியன் செய்வார்களா? மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

இரட்டைக் குழந்தை, தலை கீழே திரும்பாத குழந்தை, முந்தைய சிசேரியன், உயர் ரத்த அழுத்தம், 37 வாரத்துக்கு முன்பே வலி: இவற்றில் எது இருந்தாலும் மருத்துவமனைதான். 36-வது வாரத்தில் அழுத்தம் ஏறினாலும் திட்டத்தை அன்றே மாற்றிவிடுங்கள்.