மிக்ஸி, கிரைண்டர், ட்ரில்லிங் மெஷின் டெஸ்ட் பண்ண லைசென்ஸ் வேணுமா, மீட்டர் இருந்தா போதுமா?

கேள்வியப் பாத்தா வாடகை சாமான் கடை வச்சிருக்கிய போல தம்பி. ஆன்லைன்ல ஒரு மெகரை, அதான் கரண்ட் பாடிக்கு கசியுதான்னு பாக்குற இன்சுலேஷன் மீட்டரை வாங்கி, கடைப்பையனை விட்டு டெஸ்ட் பண்ணி ஸ்டிக்கர் ஒட்டிரலாமான்னுதான கேக்கிய? இல்லன்னா மன்னிச்சுக்கோங்க, ஆனா இதைப் படிச்சுட்டு என்னால சும்மா போக முடியல.

நான் ஐடிஐல எலக்ட்ரீஷியன் முடிச்சுட்டு பாளையங்கோட்டையில ரிப்பேர் கடை வச்சிருக்கேன். கடை போட்ட புதுசுல அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சமையல் கான்ட்ராக்டர், கல்யாண சீசனுக்கு முந்தி கிரைண்டர் எல்லாத்தையும் செக் பண்ணித் தரச் சொன்னாவ. புது மெகரு, 500 வோல்ட். ப்ளக்குல பேஸையும் நியூட்ரலையும் சேத்து ஒரு க்ளிப்பு, எர்த் பின்னுல ஒரு க்ளிப்பு, 1 மெகாஓம் தாண்டுனா பாஸ், எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். பெரிய டில்டிங் கிரைண்டர்ல இன்ஃபினிட்டி காட்டுச்சு, அதாவது கசிவே இல்லங்கற மாதிரி. இதுக்கு மேல நல்ல ரீடிங் என்ன இருக்குன்னு ஓக்கே போட்டு ஒட்டிட்டேன்.

பத்து நாள்ல போன் வருது. தரை பூரா தண்ணி, மாவு வழிச்சுக்கிட்டு இருந்த ஆச்சிக்கு ஷாக் அடிச்சு கை விட்டு வரல. 10 மில்லி ஆம்பியர் தாண்டுனாலே கை இறுகிப் பிடிச்சிக்கிடும், நாமளா விட முடியாது. ஒரு பையன் ஓடிப்போயி மெயினை ஆஃப் பண்ணுனதால பொழச்சாவ. நான் போயி மொதல்ல அந்த ப்ளக் டாப்பைத்தான் கழட்டுனேன். உள்ள ரெண்டு ஒயருதான் மாட்டியிருக்கு, எர்த்துக்கு வர்ற பச்சை ஒயரை நறுக்கி மடக்கி கருப்பு டேப்பு சுத்தி திணிச்சு வச்சிருக்கான் எவனோ. எர்த் பின்னு ஒண்ணுலயும் சேராம சும்மா நிக்கி. அதுல க்ளிப்பை வச்சா இன்ஃபினிட்டி காட்டாம என்ன செய்யும்? க்ளிப்பைத் தூக்கி பாடி ஸ்க்ரூவுல வச்சேன், முள்ளு ஜீரோகிட்ட போயி நின்னுட்டு, கரண்ட் நேரா பாடிக்கு வருதுன்னு அர்த்தம். அந்த ஆச்சி என்னைத் திட்டக்கூட இல்ல, "ஏ ஐயா, நீ பாத்தேன்னுல தொட்டேன்"ன்னு மட்டும் சொன்னாவ.

அதனால சொல்லுதேன், ரீடிங் படிக்கத் தெரிஞ்சா பத்தாது, அந்த நம்பர் ஏன் வந்துச்சுன்னு தெரியணும். இது எர்த் தேவைப்படுற சாமானா, இல்ல கட்டத்துக்குள்ள கட்டம் அடையாளம் போட்ட, எர்த் தேவைப்படாத டபுள் இன்சுலேஷன் சாமானா, அதுக்குத் தக்கன டெஸ்ட் மாறும். எர்த் உள்ளதுக்கு முதல்ல பின்னுக்கும் பாடிக்கும் நடுவுல கன்டினியூட்டி, அதாவது இணைப்பு அறுபடாம இருக்கான்னு பாக்கணும், பொறவுதான் மெகர். மீட்டருக்கும் முந்தி கண்ணு, பாதி ஃபால்ட்டு ஒயர் பிஞ்சு, ப்ளக் கருகி வெளியவே தெரிஞ்சிரும், அதைப் பாக்க கடைப்பையனுக்கு சொல்லிக் குடுத்தா போதும். மீட்டர் வைக்கிறவன் படிச்சு, ஒருத்தர்கிட்ட நின்னு பழகுனவனா இருக்கணும். இன்ஜினியருங்க சண்டைக்கு வராதிய, லீக்கேஜ் கரண்ட் டெஸ்ட் தனியா உண்டுன்னு எனக்கும் தெரியும். வீட்டு ஒயரிங்குக்கு ஒயர்மேன் லைசென்ஸ் வேணும், அது வேற கதை. இங்கிலாந்துல கூட 1989ல வந்த சட்டம் சாமானை ஆபத்தில்லாம வச்சிருக்கணும்னுதான் சொல்லுது, வருசா வருசம் ஸ்டிக்கர் ஒட்டணும்னு இல்ல.

இவ்வளவு பொறுப்பான வேலை, ஆனா ஐடிஐன்னு சொன்னா பொண்ணு குடுக்க மாட்டேங்காவ. என் தம்பிக்கு மூணு வருசமா பாக்கோம். வேலையில்லாத இன்ஜினியருக்குக் குடுக்காவ, கையில தொழில் இருக்கவனை "கரண்ட் வேலையா"ன்னு ஒரு மாதிரி கேக்காவ. அது கெடக்கட்டும்.

மெகர் ஆர்டர் போடுறதுக்கு முந்தி உங்க கடையில ஒரு பத்து ப்ளக் டாப்பைக் கழட்டிப் பாருங்க தம்பி. எத்தனைல பச்சை ஒயர் மாட்டியிருக்குன்னு இங்கனயே எழுதுங்க, நான் பாக்கேன்.