சேஃப்டி வால்வை அடைக்கலாமா? பழைய ஏர் கம்ப்ரஸர் வாங்கியவருக்குப் பதில்

கேள்வி: மும்பை தாராவியில் டூவீலர் சர்வீஸ் கடை நடத்துகிறேன். 2 ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார், 120 லிட்டர் டாங்க் உள்ள பழைய ஏர் கம்ப்ரஸர் வாங்கினேன். முதல் தடவை நன்றாக ஓடுகிறது. பிரஷர் ஏறி நின்றபின் மறுபடி ஓடாமல் உறுமுகிறது. சேஃப்டி வால்வில் அடிக்கடி காற்று போகிறது. அங்கே போல்ட் போட்டு அடைத்துவிடலாம் என்கிறார் ஃபிட்டர். டாங்குக்கு அடியில் துருத் தண்ணீரும் வருகிறது. எதை முதலில் சரிசெய்வது?

பதில்: அந்த போல்ட்டை எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். முதல் வேலை, கீழே சொல்லும் டாங்க் சோதனை (ஹைட்ரோ டெஸ்ட்); மெஷினை ஓடவிடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். டாங்கின் விட்டம் 35 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 8 கிலோ பிரஷரில் (சதுர செ.மீ.க்கு 8 கிலோ) அதன் ஒவ்வொரு முனைத் தட்டையும் சுமார் 7,700 கிலோ விசை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். பிரஷர் ஏறியதும் மோட்டாரை நிறுத்தும் பிரஷர் சுவிட்ச் ஒருநாள் ஒட்டிக்கொண்டு மோட்டார் நிற்காமல் ஓடினால், டாங்க் வெடிக்காமல் காப்பது சேஃப்டி வால்வு ஒன்றுதான்.

காற்று ஏன் போகிறது என்பதைப் பிரஷர் கேஜ் சொல்லும். டாங்கைக் காலி செய்து முள் பூஜ்யத்துக்கு வருகிறதா பாருங்கள். வராவிட்டால் கேஜை மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. பிறகு ஓடவிட்டு, வால்வு எந்த அளவில் திறக்கிறது என்று கவனியுங்கள். இந்த அளவு மெஷின்கள் பெரும்பாலும் 6 கிலோவில் ஓடத் தொடங்கி 8 கிலோவில் (சுமார் 114 பி.எஸ்.ஐ.) நிற்கும்படி வைக்கப்பட்டிருக்கும். உங்கள் மெஷினின் அளவைப் பிளேட்டில் பாருங்கள். அதைத் தாண்டியும் மோட்டார் ஓடி, அதனால் வால்வு திறந்தால், வால்வு தன் வேலையைச் செய்கிறது. கோளாறு பிரஷர் சுவிட்சில். 5, 6 கிலோவிலேயே கசிந்தால் வால்வு மூடி உட்காரும் சீட்டில் தூசியோ தேய்மானமோ இருக்கிறது. புதிது வாங்குங்கள், நாக்தேவி தெருவில் கிடைக்கும். பழையதில் பொறித்திருக்கும் செட் பிரஷர் டாங்க் பிளேட்டில் உள்ள ஒர்க்கிங் பிரஷரைத் தாண்டவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, அதே பிரஷர், அதே சைஸ் கேளுங்கள். வால்வின் திருகைத் திருப்பி அது திறக்கும் பிரஷரை ஏற்றிக்கொள்வது, போல்ட் போடுவதற்குச் சமம்.

இனி மோட்டார். உறுமல் கேட்டதும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். சுற்றாமல் கரண்ட் இழுக்கும் மோட்டாரில் வைண்டிங் (கம்பிச் சுருள்) சீக்கிரம் கருகும். உங்கள் மெஷின் காலி டாங்கில் ஓடி, காற்று இருக்கும்போது மட்டும் திணறுகிறது. எனவே சந்தேகம் முதலில் என்.ஆர்.வி. (நான்-ரிட்டர்ன்) வால்வின் மீதுதான். ஹெட்டிலிருந்து (காற்றை அழுத்தும் பிஸ்டன் பகுதி) வரும் சூடான குழாய் டாங்கில் சேரும் இடத்தில் அது இருக்கும். டாங்கின் காற்று ஹெட்டுக்குத் திரும்பாமல் தடுப்பது அதன் வேலை. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் பிரஷர் சுவிட்சுக்குப் போகிறதல்லவா? மோட்டார் நின்றதும் அதன் வழியே ஹெட்டில் மிஞ்சிய காற்று 'புஸ்' என்று சில வினாடிகளில் வெளியேற வேண்டும். வெளியேறாவிட்டால் அடுத்த தடவை பிஸ்டன் அந்தக் காற்றை எதிர்த்துக் கிளம்ப வேண்டும். சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்கு அந்த வலு கிடையாது.

ஆகவே நின்றவுடன் காதைக் கொடுத்துக் கேளுங்கள். சத்தமே இல்லையென்றால் மெல்லிய குழாய் அடைத்திருக்கிறது, அல்லது அந்தக் காற்றைத் திறந்துவிடும் அன்லோடர் ஊசி சுவிட்சில் நகரவில்லை. சத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் என்.ஆர்.வி. மூடவில்லை, பெரும்பாலும் உள்ளே கரி படிந்திருக்கும், அல்லது ரப்பர் தட்டு வெந்து போயிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, டாங்கை முழுக்கக் காலி செய்து, குழாய் ஆறியபின் மட்டும் கழற்றுங்கள்.

'புஸ்' சரியாக வந்தும் திணறினால் மின்சாரப் பக்கம் பாருங்கள். மோட்டாரைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட் கெபாசிட்டர் வீங்கியிருந்தால் அதே மைக்ரோஃபாரட் அளவில் லோஹார் சாலில் வாங்கி எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றுங்கள்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் சார்ஜ் நிற்கும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஓட்டினால் வோல்டேஜ் இறங்கி இதே திணறல் வரும். 16 ஆம்ப் சாக்கெட், குறைந்தது 2.5 ச.மி.மீ. செம்பு ஒயர், சரியான எர்த் மூன்றும் வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது துருத் தண்ணீர்தான். மும்பையின் ஈரக்காற்றை 8 கிலோவுக்கு அழுத்தினால், அதிலுள்ள ஈரத்தில் பெரும்பகுதி டாங்கில் தண்ணீராக இறங்கிவிடும். மழைக்காலத்தில் இந்த அளவு மெஷின் ஒரு மணி நேரம் முழுதாக ஓடினால் 200 மில்லி வரை சேரலாம். தினமும் கடை மூடும்முன், 1 கிலோ அளவுக்குக் காற்றை வைத்துக்கொண்டு, அடியிலுள்ள டிரெயின் காக்கை மெதுவாகத் திறந்து வெறும் காற்று வரும்வரை விடுங்கள். பல வருடம் இதைச் செய்யாத டாங்கின் அடித்தகடு உள்ளிருந்தே அரித்து மெலிந்திருக்கும். மேலே அடித்த பெயின்ட் அதைக் காட்டாது. பழைய மெஷின் என்பதால், மேலே சொன்ன சோதனைகளுக்கெல்லாம் முன்பே ஹைட்ரோ டெஸ்ட் செய்துவிடுங்கள். வழக்கமாக ஒர்க்கிங் பிரஷரைப்போல் ஒன்றரை மடங்கு வரை தண்ணீர் அழுத்தத்தில் சோதிப்பார்கள். தண்ணீர் கிட்டத்தட்ட அமுங்காது என்பதால், தகடு கிழிந்தாலும் காற்றைப்போல் வெடித்துச் சிதறாது. ஊசித்துளை தெரிந்தால் வெல்டிங் வைக்க வேண்டாம். சுற்றியுள்ள தகடும் மெலிந்துதான் இருக்கும். டாங்கையே மாற்றுங்கள்.

ஆயில் கண்ணாடியில் நடுப் புள்ளி வரை, கம்ப்ரஸர் ஆயில் மட்டும் ஊற்றுங்கள். பைக் இன்ஜின் ஆயில் வால்வுகளில் கரி சேர்க்கும். பெல்ட் கார்டு (பெல்ட்டை மூடும் காப்பு) இல்லாமல் ஓட்டாதீர்கள். பிரஷர் குறைந்ததும் மோட்டார் சொல்லாமல் கிளம்பும் என்பதால், நின்றிருக்கும் பெல்ட்டில் கை வைக்கும்முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும். கடைப் பையன்களுக்கு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: ஏர் கன்னை உடம்பின் பக்கம் திருப்பக் கூடாது, உடுப்புத் தூசியைத் தட்டவும் கூடாது. விளையாட்டாக உடலுக்குள் காற்றடித்துக் குடல் கிழிந்து இறந்த சம்பவங்கள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன.