பழைய படகா? கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்

கேள்வி: நானும் மச்சானும் சேர்ந்து பிரப்பன்வலசை கடலில் பனானா ரைடு (ஆட்களை உட்கார வைத்து இழுக்கும் வாழைப்பழ வடிவக் காற்று மிதவை) இழுக்க ஒரு பழைய ஸ்பீடு போட் பார்த்திருக்கிறோம். 1980களில் அமெரிக்காவில் செய்த ஃபைபர் படகு, இன்ஜின் நடுவில். இப்போது கப்பலூர் பக்கம் ஒரு ஷெட்டில் டிரெய்லரோடு நிற்கிறது. புது பெயிண்ட், புது கார்பெட், ஒரே செல்ஃபில் இன்ஜின் எடுக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: பொறுங்கள். புது பெயிண்ட்டைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை, புது கார்பெட்டைப் பார்த்தால் சந்தேகமே வருகிறது.

ஃபைபர் படகு என்று பேர்தானே தவிர, அந்தக் காலத்துப் படகுகள் பலவற்றில் தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் ஸ்ட்ரிங்கர்கள் மரக்கட்டைகள்தான், மேலே ஃபைபர் பூசியிருப்பார்கள். இன்ஜின் உட்கார்ந்திருப்பதும் அவற்றின் மேல்தான். சீட்டுக்குப் போட்ட ஸ்க்ரூ ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால், வெளியே கீறல்கூடத் தெரியாமல் கட்டை உள்ளுக்குள் மக்கிவிடும்.

முதலில் கார்பெட்டைத் தூக்கச் சொல்லுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு குதிகாலால் அழுத்தி நடங்கள், எங்கேயாவது அமுங்கினால் அங்கே தரையின் பிளைவுட் மக்கிப் போய்விட்டது. அப்புறம் இன்ஜின் மூடியைத் திறந்து, கண்ணுக்குத் தெரிகிற ஸ்ட்ரிங்கர் முழுக்க ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். சந்தையில் தேங்காய் தட்டத் தெரிந்தவருக்கு இது புரியும், நல்ல கட்டை ‘டக் டக்’ என்று கணீரெனப் பேசும், மக்கியது ‘தொப்’ என்று அமுங்கிப் பேசும். இன்ஜின் மவுண்ட்டைக் கட்டையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளை ஸ்பானர் போட்டு லேசாக இறுக்குங்கள். பிடிக்காமல் சுற்றிக்கொண்டே போனால் அதற்கு மேல் பார்க்க வேண்டியதே இல்லை. இன்னும் சந்தேகமா, ஓனர் சம்மதித்தால் 3 மி.மீ. டிரில்லால் ஒரு ஓட்டை போடுங்கள். வெளிறிய காய்ந்த தூள் வந்தால் நல்லது, கறுத்த ஈரச் சக்கை வந்தால் கதை முடிந்தது. ஓட்டையை எபாக்ஸி பசையால் அடைத்துக் கொடுத்துவிடுங்கள்.

கயிறு கட்டி இழுக்கும் கம்பத்தின் அடியையும் விடாதீர்கள். பனானா ரைடு கொடுக்கிற வெட்டு இழுப்பெல்லாம் அங்கேதான் இறங்கும். சிலந்தி வலை மாதிரி விரிசல் இருந்தால், கம்பத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

படகு மிதக்க உதவியாகத் தரைக்கு அடியில் அடைத்திருக்கும் ஃபோம் தண்ணீர் குடித்திருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. டிரெய்லரோடு எடை மேடையில் ஏற்றுங்கள். டிரெய்லர், டீசலோ பெட்ரோலோ கழித்த பிறகும் கம்பெனி சொன்ன எடையைவிட சில நூறு கிலோ கூட வந்தால், அது பெரும்பாலும் தண்ணீர்.

இதெல்லாம் தேறினால் மட்டும் தண்ணீரில் இறக்குங்கள், அதுவும் கடலில். வைகையை நம்பிக் காத்திருந்தால் வருஷம் ஓடிவிடும். வேகம் எடுக்கும்போது தரை அதிர்ந்தால், கட்டை தளர்ந்து இன்ஜினும் புரொப்பல்லரைச் சுழற்றும் ஷாஃப்டும் நேர்கோட்டிலிருந்து விலகியிருக்கலாம், மெக்கானிக்கை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்ட்ரிங்கர் மாற்றுவது என்றால் இன்ஜினை இறக்கி, தரையை அறுத்து எடுக்க வேண்டும், வேலைக்கூலி படகு விலையையே தாண்டலாம். ஆகவே கட்டை போயிருந்தால் இன்ஜினுக்கும் டிரெய்லருக்கும் மட்டும் விலை பேசுங்கள். கார்பெட்டைத் தூக்கவே விடமாட்டேன் என்றால், டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.